றக்வான மலையில் மரங்களை எண்ணுவது யார்?

பத்திரிகையில் நாம் இறக்குவானை என்று எழுதுவோம். ஊரவர் வாயில் அது றக்வானதான். முப்பது வருடமாகப் பத்திரிகைக்காரனாக எழுதியாயிற்று. இந்தப் பக்கத்திலாவது ஊரவர் சொல்வது போலவே எழுதிவிடுகிறேன்.

பெல்மதுளையில் எம்பிலிப்பிட்டிய வீதியைப் பிடித்து, கஹவத்தையைக் கடந்து, மாதம்பையில் திரும்பினால் றக்வான. அங்கிருந்து தெனியாய செல்லும் வீதி புலுத்தொட்ட கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் சூரியகந்தையை அடைகிறது. வளைவுக்கு வளைவு தேயிலையும் காடும் மாறி மாறி வரும். மத்திய மலைநாட்டிலிருந்து பள்ளத்தாக்கினால் பிரிந்து, தனித்து நிற்கும் மலைத்தொகுதி இது. சிங்கராஜ வனத்தின் கிழக்குப் புறம் இதனோடு சேர்கிறது. ஒரு காலத்தில் ஏலக்காய் பயிரிட்ட மோர்னிங்சைட் பகுதியில், உலகில் வேறெங்கும் காணப்படாத தவளை இனங்கள் வாழ்கின்றன. உள்ளங்கையில் மூன்றை வைக்கலாம் என்ற அளவில் சிறிய உயிர்கள்.

ஒரு மரணச் சடங்குக்காக அண்மையில் றக்வான பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். சடங்கு முடிந்து, லயத்துக்கு மேலே உள்ள மலைக்கு நடந்தபோது, தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே ஓடும் கான் ஓரமாக ஒரே வகை மரக்கன்றுகள் அடர்த்தியாக நிற்பதைக் கண்டேன். முழங்கால் உயரத்தில் சில, தலைக்கு மேலே சில, சற்று உள்ளே இரண்டு மூன்று முதிர்ந்த மரங்கள். இலைகள் தண்டைச் சுற்றி மூன்று நான்காகக் கூடி நின்றன. ஒன்றை ஒடித்தேன், பால் வடிந்தது. கூட வந்த உறவுக்காரப் பெண்மணி நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இது என்ன மரம் என்று கேட்டேன். பெயர் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் வேறொன்று தெரிந்திருந்தது.

"தம்பி, எங்க மூத்தவ வயித்துல இருக்கையில இந்தக் கானோரமா இதுல ஒண்ணுகூட இல்ல. ரோட்டு வளைவுல மட்டுந்தான் நின்னிச்சி. சின்னவ பள்ளிக்கூடம் போறப்ப அந்தப் பாறை வரைக்கும் வந்திருச்சி. இப்ப இங்க."

மூத்த மகளுக்கு வயது முப்பத்தாறு. சின்ன மகள் பள்ளி சென்றது எப்போது என்பதையும் கணக்கிடலாம். வீதி வளைவிலிருந்து பாறைக்கும், பாறையிலிருந்து கானுக்கும் எத்தனை அடி என்று அளந்தால், ஒரு மரம் ஒரு மலையில் ஏறிய வேகம் கையில் கிடைத்துவிடும். ஒரு தாயின் பிள்ளைப்பேறுகளை ஆண்டுக்குறியாகக் கொண்ட இந்தப் பதிவு, எனக்குத் தெரிந்தவரை, எந்த அலுவலகத்துக் கோப்பிலும் இல்லை.

மரத்தின் படத்தைத் தாவரவியல் கற்பித்த நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். சிங்களத்தில் ஹவரிநுக என்பார்கள் என்றார், அல்ஸ்டோனியா மக்ரோபில்லா. தென்கிழக்காசியாவிலிருந்து வந்தது. நீண்டு மெலிந்த காய்கள் கூந்தல் போலத் தொங்கும். வெடித்தால் முனையில் மயிர் வைத்த விதைகள் காற்றில் பறக்கும். பலகைக்கு உதவும், விரைவாக வளரும் என்று நட்டார்கள். இன்று ஈரவலயத்தின் பாழ்நிலங்களிலும், வீதி வெட்டிய சரிவுகளிலும், காட்டின் ஓரங்களிலும் தானாக முளைத்து நிற்கிறது.

இந்த இடத்தில் என் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இளம் நிருபராக இருந்த காலத்தில், மரநடுகைச் செய்திகளை எத்தனை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அமைச்சர் ஒருவர் மண்வெட்டியுடன் நிற்பார். இத்தனை ஆயிரம் கன்றுகள், இத்தனை ஏக்கர் என்று அறிக்கை வரும். அதைத் தமிழாக்கிப் படத்துடன் போடுவோம். என்ன மரம் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. பத்து வருடம் கழித்து அதே இடத்துக்குப் போய், நட்டது நிற்கிறதா, நட்ட எல்லைக்குள்தான் நிற்கிறதா என்று பார்க்க எந்தச் செய்தியாசிரியரும் என்னை அனுப்பியதுமில்லை. நடுவது செய்தி, பரவுவது செய்தியல்ல. பரவுவதற்கு நாடா வெட்டும் வைபவம் கிடையாதே!

தோட்டத்தைப் போல எல்லாவற்றையும் எண்ணிய இடம் இந்த நாட்டில் வேறொன்று இல்லை. காலையில் பிரட்டுக்கு வந்தவர் எத்தனை, செக்ரோலில் எத்தனை பேர், ஒவ்வொருவரின் கூடையிலும் எத்தனை கிலோ, அதில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்தது எவ்வளவு, எந்த மலையில் எந்த வருடம் கவ்வாத்து, எத்தனை சுற்றுப் புல்லுவெட்டு, எல்லாம் கணக்குப்பிள்ளையின் புத்தகத்தில் இருந்தன. தோட்டத்துக்கு நிழலாகக் கொண்டுவந்த சபுக்கும் அல்பீசியாவும், மண்ணரிப்புக்கு வைத்ததும், விறகுக்கு வைத்ததும் நட்ட அன்று எண்ணப்பட்டன. நட்ட இடத்தைவிட்டு நடந்த அன்று எண்ணப்படவில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் முகாமைக்கு மாறின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் எத்தனை புத்தகங்கள் கறையானுக்குப் போயினவோ!

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்வதற்கு முன் ஒரு சொல்லைத் தாண்டியாக வேண்டும்.

ஆக்கிரமிப்பு அந்நிய இனங்கள். அரச ஆவணங்களில் இந்த மரங்களுக்கு இதுதான் பெயர். 2016இல் இலங்கை இதற்கென ஒரு தேசியக் கொள்கையையும் செயற்றிட்டத்தையும் வகுத்தது. கொள்கையின் நோக்கம் நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மலையகத் தமிழன் ஒருவனுக்கு அந்தச் சொற்றொடரை வாசிக்கும்போது காதில் வேறு சில சொற்களும் சேர்ந்து விழுகின்றன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைகளாக எண்ணிப் பங்கிடப்பட்டவர்கள். 2003இல்தான் எஞ்சியவர்களுக்கும் சட்டம் கதவைத் திறந்தது. 'கள்ளத்தோணி' என்ற வசை இன்னும் முற்றாக மறையவில்லை. தோட்டத்துக்குத் தேவை என்று கொண்டுவரப்பட்டு, தேவை தீர்ந்தபின் அந்நியன் எனப்பட்ட கதை எங்களுக்குப் புதிதல்ல. ஆகவே ஒரு மரத்தை அந்நியம் என்று சொல்லி வெட்டக் கிளம்பும்போது, எந்த ஆதாரத்தில் என்று கேட்க எங்களுக்குச் சற்றுக் கூடுதல் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

மரத்துக்கும் மனிதனுக்கும் முடிச்சுப் போடுவதாக யாரும் சொல்ல வேண்டாம். மனிதனுக்கு உரிமை உண்டு; ஹவரிநுக மரத்துக்கு வாக்குரிமை கேட்டு நான் எழுதவில்லை. நான் சொல்வது இது: எங்கிருந்து வந்தது என்பது ஒரு மரத்தைப் பற்றிய முதற் கேள்வி மட்டுமே. தீர்ப்பு அதில் இல்லை. வந்தபின் என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. அதை அறிய அளப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

தேயிலையைப் பாருங்கள். 1867இல் லூல்கந்தராவில் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தகப் பயிராக வைத்த அந்நியச் செடி அது. வெட்டாமல் விட்டால் மரமாகும். பாழடைந்த தோட்டங்களில் இருபது அடிக்கு மேல் நிற்கும். ஆனாலும் சிங்கராஜத்துக்குள் படை எடுத்துப் போவதில்லை. மறுபுறம் கெகில்ல என்னும் பன்னம் முற்றிலும் உள்ளூர்ச் செடி. காடு அழிந்த சரிவை ஒருமுறை மூடிவிட்டால் மரக்கன்று தலைநீட்ட விடாது. பட்ட என்று அழைக்கும் நாணல் மூங்கிலும் சுதேசிதான். திறந்த காட்டில் அதுவும் அப்படியே. பிறப்புச் சான்றிதழை மட்டும் பார்த்தால் இவை இரண்டும் நல்ல பிள்ளைகள்.

பைன் மரத்தின் கதை இன்னும் சுவாரசியமானது. 1970களின் பிற்பகுதியிலிருந்து சிங்கராஜத்தின் ஓரங்களில் கரீபியன் பைனை வரிசை வரிசையாக நட்டார்கள். ஊற்று வற்றிவிட்டது, கோடையில் தீப்பிடிக்கிறது, அடியில் புல்லும் முளைப்பதில்லை என்று மலையகத்தில் அதைத் திட்டாதவர் இல்லை. நானும் திட்டி எழுதியிருக்கிறேன். ஆனால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியினரும் அமெரிக்காவின் மார்க் ஆஷ்டனும் 1991 முதல் வேறொன்று செய்தார்கள். பைன் வரிசைகளில் சிலவற்றை மட்டும் அகற்றி, இடைவெளியில் காட்டின் சொந்த மரங்களை நட்டு, வருடா வருடம் அளந்தார்கள். அளவாக வெளிச்சம் கிடைத்த இடத்தில் அந்தக் கன்றுகள் நன்றாக வளர்ந்தன. திட்டப்பட்ட மரம் செவிலித்தாயாக நின்றது. அளந்து பார்த்திருக்காவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஆக, அளவில்லாமல் சொன்னால் 'ஆக்கிரமிப்பு' என்பது வெறும் வசை. அளந்து சொன்னால் அது கண்டுபிடிப்பு.

சரி, அளப்பது என்றால் என்ன? எத்தனை ஏக்கரில் பரவியுள்ளது என்று ஒரு தொகையைச் சொல்வது என்றே பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு தடவை எடுத்த தொகையால் பயன் மிகக் குறைவு. நூறு மரம் நிற்கிறது என்றால், அது ஐம்பதிலிருந்து ஏறி வந்த நூறா, இருநூறிலிருந்து இறங்கி வந்த நூறா என்பது தெரியவேண்டும். அதற்கு அதே இடத்தில், அதே மாதத்தில், அதே முறையில் மறுபடி எண்ணவேண்டும். இரண்டாவதாக, முதிர்ந்த மரத்தை மட்டும் எண்ணினால் போதாது. முதிர்ந்தவை பத்து, அடியில் கன்றே இல்லை என்றால் அந்தக் கூட்டம் கிழடு தட்டுகிறது. முதிர்ந்தவை இரண்டு, கன்றுகள் முந்நூறு என்றால் வரப்போவது என்ன என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவதாக, இல்லாத இடத்தையும் இல்லை என்று எழுதவேண்டும். இன்று எழுதிவைத்த பூச்சியம்தான், ஐந்து வருடம் கழித்து அங்கே ஒரு கன்று நிற்கும்போது, அது புதிதாக வந்தது என்பதற்குச் சாட்சி.

இரட்டிப்பின் கணக்கு பொல்லாதது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு மரம் ஒரு ஏக்கரில் தொடங்கினால் பன்னிரண்டு வருடத்தில் பதினாறு ஏக்கர். 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று அப்போதும் சொல்லலாம். அடுத்த மூன்று வருடத்தில் முப்பத்திரண்டு. அதாவது பன்னிரண்டு வருடமும் சேர்ந்து பிடித்த அளவை, கடைசி மூன்று வருடத்தில் மட்டும் பிடிக்கிறது. நாம் விழிப்பது வழக்கமாக இந்தக் கடைசிச் சுற்றில்தான்.

அதற்கு முந்திய உறக்கமும் நீளமானது. ஜெர்மனியின் பிராண்டன்பேர்க் பகுதியில், வெளியிலிருந்து கொண்டுவந்த மரங்கள் முதன்முதல் நடப்பட்ட ஆண்டுக்கும் அவை தாமாகப் பரவத் தொடங்கிய ஆண்டுக்கும் இடையிலான காலத்தை இங்கோ கோவாரிக் என்ற ஆய்வாளர் பழைய பதிவுகளிலிருந்து கணக்கிட்டு 1995இல் வெளியிட்டார். சராசரி 170 ஆண்டுகள்! வெப்பவலயத்தில் இது குறைவாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். எனினும் எங்கள் மலைகளின் தோட்ட வரலாறு ஏறக்குறைய அதே நீளம் கொண்டது என்பதை நினைத்தால் சற்றே அடிவயிறு கலங்குகிறது. பாட்டன் காலத்தில் சாதுவாக நின்ற மரம் பேரன் காலத்திலும் சாதுவாகவே நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இலங்கைக்கு இந்தப் பாடம் ஒரு தடவை நடந்தாயிற்று. 1869இல் கோப்பி இலையில் ஒரு செம்மஞ்சள் புள்ளி தென்பட்டது. விளைச்சல் இருந்தவரை துரைமார் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1880இல்தான் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி அதை ஆராய வந்தார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வரும் வித்துக்களைப் பிடித்துக் காட்டினார். நோய் எப்படிப் பரவுகிறது என்பதற்கு அருமையான அளவீடு. என்ன செய்வது, அதற்குள் கோப்பி போய்விட்டது. அது போனதால் வந்த தேயிலையோடுதான் எங்கள் பாட்டன்மாரில் பலரும் இந்த மலைகளில் நிலைத்தார்கள்.

நம்மிடம் அளக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. சிங்கராஜத்தினுள்ளேயே 25 ஹெக்டேயர் பரப்பொன்றை வகுத்து, ஒரு சென்ரிமீற்றர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கத் தகடு கட்டி, அளந்து, வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள். 1990களில் தொடங்கிய அந்த வேலையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்வது திட்டம். உலகம் முழுவதும் இத்தகைய நிலையங்களின் வலையமைப்பில் அது ஒன்று. பெருமைப்பட வேண்டிய காரியம். ஆனால் அது காட்டின் உள்ளகத்தை அறிவதற்கானது. நான் கவலைப்படுவது காட்டின் ஓரத்தைப் பற்றி. அதாவது கானைப் பற்றி.

செய்மதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் உண்டு. 2008இலிருந்து அவை எவருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்ரினல்-2 பத்து மீற்றர் நுணுக்கத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை படம் தருகிறது. சீமைக் கருவேலம் போல வரண்ட வெளியில் பச்சையாக நிற்கும் மரத்தைப் பிடிக்க இது நல்ல வழி. முதுமலையைப் போல மஞ்சள் கொன்றை ஒரே சமயத்தில் பூத்துக் குலுங்கும் காட்டில், பூக்கும் மாதத்தைப் பார்த்துப் படமெடுத்தால் மரம் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். சபரகமுவவிலோ வருடத்தில் பாதி நாள் முகில். முகில் விலகிய நாளிலும், மேலிருந்து பார்த்தால் பச்சைக்கு மேல் பச்சை. பெரிய மரத்தடியில் நிற்கும் முழங்கால் உயரக் கன்றைப் பத்து மீற்றர் கட்டத்தில் எப்படிக் காண்பது? செய்மதி பரவலைக் காணும்போது, பிடுங்கி எறியக்கூடிய பருவம் கடந்துவிட்டிருக்கும். அது கதையின் முடிவைக் காட்டும். தொடக்கத்தைக் காண நடந்துதான் போகவேண்டும்.

நடக்காமல் விட்டதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பதற்கு தஹித்தித் தீவு உதாரணம். 1937இல் ஒரு பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவந்த மிகோனியா மரம், இலையின் அடிப்புறம் ஊதா நிறம், இன்று தீவின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பரவி நிற்கிறது. ஹவாயில் அதே மரத்தை ஹெலிகொப்டரில் தேடித் தேடி அழிக்கிறார்கள். வெட்டியதோடு வேலை முடிவதில்லை. மண்ணில் கிடக்கும் விதை பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு இருப்பதால், வெட்டிய இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கவேண்டியிருக்கிறது. அதே மரம் 19ஆம் நூற்றாண்டிலேயே நமது பேராதனைப் பூங்காவுக்கும் வந்த விருந்தாளிதான். அதற்கு உறவுமுறையான கட்டகளு போவிட்டியா ஏற்கனவே சிங்கராஜத்தின் பாதையோரமெங்கும் நிற்கிறது. அதன் பழத்தைத் தின்று வாய் கறுத்து வீட்டில் அடி வாங்காத றக்வானப் பிள்ளை இருக்க முடியாது. அது மரமல்ல, செடி. ஆனால் 1970களில் ஒட்டுப்பலகை ஆலைக்காகக் காட்டுக்குள் மரம் வெட்டப் போட்ட வழிகளில்தான் இத்தகையவற்றுக்குக் கதவு திறந்தது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சீமைக் கருவேலத்தின் கதை தெரியும். 2017 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரோடு அகற்றும்படி உத்தரவிட்டது. மாவட்டம் மாவட்டமாக மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. அதே ஆண்டிலேயே எதிர்வழக்கும் இடைக்காலத் தடையும் வந்தன. அந்த மரத்தின் கரிமூட்டத்தில் அடுப்பெரியும் இராமநாதபுரத்துக் குடும்பங்களை யார் எண்ணினார்கள்? வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்ப்பதை யார் போய்ப் பார்த்தார்கள்? 2022இல்தான் தமிழ்நாடு அரசு இத்தகைய தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. முதலில் வெட்டு, பிறகு கொள்கை. எங்கள் அம்பாந்தோட்டையிலும் உவர்நிலத்தைத் திருத்த என்று 1950களில் வைத்த அதே மரம்தான், மாடு தின்ற காய்களின் வழியே நடந்து, 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பூந்தலவை இன்று நெருக்குகிறது.

றக்வானக்கு என்ன செய்யலாம்? என் யோசனை பெரியதல்ல. காட்டோடு எல்லை பகிரும் ஒவ்வொரு தோட்டத்திலும், கானோரமாக நூறு மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமும் கொண்ட சில கீற்றுகளைக் குறியுங்கள். வருடத்துக்கு ஒருநாள், தை மாதத்து வெயிலில், முழங்காலுக்குக் கீழே எத்தனை, நெஞ்சுக்குக் கீழே எத்தனை, அதற்கு மேற்பட்டவற்றின் நெஞ்சளவுச் சுற்றளவு எவ்வளவு என்று எழுதுங்கள். ஒரே கல்லில் நின்று ஒரு படம் எடுங்கள். அதைச் செய்ய, அந்த மலையில் தினமும் நடப்பவர்களையே போடுங்கள். செய்தவர்களுக்கு ஒருநாள் பேர் போடுங்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அழுத்திச் சொல்கிறேன். 'சமூகப் பங்களிப்பு' என்ற அழகான பெயரில் ஏழைகளிடம் இலவசமாக வேலை வாங்குவதற்கு நமது நாட்டில் பஞ்சமில்லை.

தொழிலாளிக்குத் தாவரவியல் தெரியுமா என்று ஒருவர் கேட்டார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, வங்கி எது என்று நிமிடத்துக்கு எத்தனையோ தடவை விரல் நுனியால் முடிவு செய்பவர்களுக்கு, பால் வடியும் ஒரு கன்றை அடையாளம் காணத் தெரியாதா? அரை நாள் பயிற்சி போதும். பேராதனையிலிருந்தோ சபரகமுவ பல்கலைக்கழகத்திலிருந்தோ மாணவர்கள் வந்து பத்தில் ஒரு கீற்றை மறுபடி எண்ணிச் சரிபார்த்தால் பிழையும் தெரிந்துவிடும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு. கானுக்கு இந்தப் பக்கம் கம்பனி, அந்தப் பக்கம் வனபரிபாலனத் திணைக்களம், நடுவே சில துண்டு காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவினுடையது. எண்ணினால் மரம் தெரியவரும். தெரியவந்தால் யாராவது செலவழிக்க வேண்டிவரும். எண்ணாமல் இருப்பதே மூவருக்கும் வசதி. 2015இல் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டு, 2021இல் இரசாயன உரத்தோடு மருந்துகளும் நிறுத்தப்பட்டு, பிறகு அதுவும் கைவிடப்பட்ட அந்த ஆண்டுகளில், எத்தனை மலைகள் காடேறின? புல்லுவெட்ட ஆளில்லாமல் விட்ட தேயிலைக்குள் எந்த மரம் முதலில் வந்தது? 2017 மே மாத மண்சரிவுகளில் இரத்தினபுரி மாவட்டத்தில் உரிந்த சரிவுகளில் இப்போது நிற்பது என்ன? 2022இல் எரிவாயு இல்லாமல் நாடு விறகுக்கு அலைந்தபோது எது வெட்டப்பட்டது, எது துளிர்த்தது? அன்று ஒரு கொப்பி வைத்திருந்தால் இவற்றுக்கெல்லாம் பதில் இருந்திருக்கும். ஆக்கிரமிப்பு இனங்கள் புதிதாக வந்து நிலைக்கும் வேகத்தை 2030க்குள் பாதியாகக் குறைப்பதாக 2022 டிசம்பரில் மொன்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன, நாமும் சேர்த்து. எதில் பாதி?

மறுநாள் காலை கொழும்பு பஸ்ஸைப் பிடிக்குமுன் மீண்டும் அந்தக் கானுக்குப் போனேன். தையற்காரர் நாடா ஒன்று, ஒரு சி.ஆர். கொப்பி. பெரியம்மாவின் பேத்தி ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள். கோடு போட்டு நான்கு நிரல் பிரித்தது அவள்தான். பாறையிலிருந்து கான் வரைக்கும் நடந்து எண்ணினோம். பெரியம்மா ஒவ்வொன்றையும் தொட்டுச் சொல்ல, அவள் எழுதினாள். கானுக்கு அப்பால், காட்டுக்குள் இருபது அடி போய்ப் பார்த்தபோது அந்தக் கன்று ஒன்றுகூட இல்லை.

"இங்க இல்லையே மாமா, இதையும் எழுதணுமா?" என்று கேட்டாள்.

எழுது என்றேன். பூச்சியம் போட்டு, பக்கத்தில் திகதியையும் எழுதிக்கொண்டாள். கொப்பியும் நாடாவும் அவர்களிடமே இருக்கின்றன.